தயிர்சாதம் இல்லாம சாப்பாடு எப்படி முடியும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

எல்லாரும் சாப்பிட்டாச்சா? சாப்பிடலைன்னா இன்னும் நல்லது. ஏன்னா இன்னைக்கு முழுக்கச் சாப்பாடு பத்தித்தான் பேசப்போறேன்.

போன சில எபிசோடுகள்ல நான் வீகன்னு பேச்சோட பேச்சா சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான். "பால், தயிர், நெய், முட்டை, மீன், கறி எதுவும் இல்லாம தினமும் வீட்ல என்னதான் சமைப்பீங்க? அலுக்காதா? வயிறு நிறையுமா?"

நேர்மையா சொல்றேன். முதல் எட்டு மாசம் அலுத்துச்சு. வயிறு நிறைஞ்சுது, ஆனா மனசு நிறையல. விட்டுடலாம்னு முடிவே பண்ணிட்டேன். அதுல இருந்து எப்படி வெளிய வந்தேன்கிறதுதான் இன்னைக்குக் கதை. நடுநடுவுல சமையல் குறிப்பும் வரும், பேப்பர் பேனா எடுத்து வச்சுக்கோங்க.

முதல்லயே ஒண்ணு. நான் யாரையும் மாத்த வரல. சொந்தக்காரங்க வீட்ல ஒரு காளைக்கன்னு பிறந்துச்சு. பால் தராதுன்னு ஒரு வாரத்துல அதை வித்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அம்மா கொடுத்த காபி எனக்கு இறங்கல. அவ்வளவுதான் என் காரணம். உங்களுக்கு வேற காரணம் இருக்கலாம். பால் ஒத்துக்காம இருக்கலாம். வாரத்துல ரெண்டு நாள் மட்டும் முயற்சி பண்ணலாம்னு இருக்கலாம். இந்தக் குறிப்பெல்லாம் எல்லாருக்கும் உதவும்.

சிப்ஸ் பாக்கெட் ராத்திரிகள்

பெருங்குடியில் நானும் ரெண்டு தோழிகளும் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். அப்போ என் ராத்திரிச் சாப்பாடு இப்படி இருக்கும்: சாதம், தக்காளி ரசம், பீன்ஸ் பொரியல். தட்டு நிறைய சாப்பிடுவேன். கை கழுவுவேன். பத்தே முக்காலுக்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பேன். பதினொண்ணரைக்கு பிஸ்கட் டப்பாவைத் தேடுவேன். அந்த பிஸ்கட்லயும் பால் பவுடர் இருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் பார்த்தேன், அது தனிக் கதை.

நான் பண்ணின முதல் தப்பு என்னன்னா, எடுத்துப் போட்டேன். எதையும் சேர்க்கல. பொங்கல்ல நெய்யை எடுத்தேன். காபியில் பாலை எடுத்தேன். சாப்பாட்டுக் கடைசியில் தயிரை எடுத்தேன். மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டேன். அதுக்கு வீகன் சமையல்னு பேர் வச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது தப்பு, கடையில் கிடைக்கிற மாற்றுப் பொருளை எல்லாம் வாங்கினேன். பாதாம் பால், வீகன் சீஸ், ஃப்ரோசன்ல வர்ற கறி மாதிரி ஐட்டம். ஒரு லிட்டர் பாதாம் பால் வாங்குற காசுக்கு ஒரு கிலோ வேர்க்கடலை வாங்கி மிச்சமும் கையில் இருக்கும். மாசக் கடைசியில் பர்ஸ் காலி. சீஸ் டோஸ்ட் சாப்பிட்டா சீஸ் டோஸ்ட் மாதிரியும் இல்ல, வேற எது மாதிரியும் இல்ல.

எட்டாவது மாசம் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போன மாதிரி. ரத்தப் பரிசோதனை எடுத்தா பி12 ரொம்பக் குறைவு, ஹீமோகுளோபினும் குறைவு. அம்மா போன்ல ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "பாத்தியா?"

இதுல ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். பி12 பாக்டீரியா தயாரிக்கிற சத்து. காய், கீரை, பருப்புல இருந்து அது நம்பகமா கிடைக்காது. எவ்வளவு நல்லா சமைச்சாலும் கிடைக்காது. நாளைக்கு வேண்டியது ரெண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான், ஆனா அது இல்லாம நரம்பு பாதிக்கும். அதனால வீகனா இருக்கப்போறீங்கன்னா பி12 மாத்திரை கட்டாயம். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருதரம்னு டாக்டர்கிட்ட கேட்டு எடுங்க. வருஷத்துக்கு ஒருதரம் டெஸ்ட் எடுத்துப் பாருங்க. "எங்க தாத்தா பாட்டி எந்த மாத்திரை போட்டாங்க"ன்னு யாராவது கேட்டா, நம்ம தாத்தா பாட்டி முழு வீகனா இல்லைன்னு சொல்லிட்டு மாத்திரையைப் போடுங்க.

ஆச்சியின் தயிர்

இப்போ கஷ்டமான பகுதி. எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பாவோட அம்மா, எங்க ஆச்சி, எங்ககூடதான் இருக்காங்க. எண்பது வயசை நெருங்குறாங்க. நான் சின்னதுல இருந்து லீவுக்கு வீட்டுக்குப் போனா ஆச்சி ஒரு வேலை தவறாம பண்ணுவாங்க. முந்தின நாள் ராத்திரியே எனக்குன்னு தனியா ஒரு சட்டியில் தயிர் உறை ஊத்தி வைப்பாங்க. கத்தி வச்சு வெட்டுற மாதிரி இருக்கும்.

வீகன் ஆன பிறகு முதல்தடவை வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குப் போன்ல சொல்லியிருந்தேன். ஆச்சிக்கு யாரும் சொல்லல. சாப்பிட்டு முடிக்கிற நேரத்துல ஆச்சி அந்தச் சட்டியை எடுத்துட்டு வந்து தட்டுக்கு மேல சாய்ச்சாங்க. நான் கையை வச்சு மறைச்சேன். "வேண்டாம் ஆச்சி, நான் இப்ப தயிர் சாப்புடுறதில்ல."

ஆச்சி ஒண்ணும் சொல்லல. சட்டியைத் திரும்ப உள்ள கொண்டுபோய் வச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் எங்கிட்டப் பேசல.

ரத்தப் பரிசோதனை வந்த வாரம் நானே ஆச்சிக்குப் போன் பண்ணினேன். அழுதேன்னு நினைக்கிறேன். "விட்டுடலாம்னு பாக்கேன் ஆச்சி, சாப்பிட்டாலும் சாப்பிட்ட மாதிரியே இல்ல"ன்னு சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "ஏட்டி, எங்க வீட்டுல மாடு கெடந்துச்சு, தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

தெரியாது. சொன்னாங்க. ரெண்டு எருமை இருந்துச்சாம். கறக்குற பாலெல்லாம் விக்கிறதுக்கு. வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோத்துல ஊத்த நீச்சத்தண்ணிதான், அதாவது பழைய சோத்துத் தண்ணி. தயிர்னு ஒண்ணை வயிறு நிறையச் சாப்பிட்டது கல்யாணமாகி, எங்க அப்பா வேலைக்குப் போன பிறகுதானாம். 1970-ல் ஆபரேஷன் ஃப்ளட் ஆரம்பிச்சு, அதுக்கப்புறம் மெல்ல மெல்லப் பாக்கெட் பால் தெருமுனைக்கு வந்துச்சுன்னு நாம பாடத்துல படிச்சிருப்போம். ஆச்சிக்கு அது பாடம் இல்ல.

அப்போதான் எனக்கு அந்தச் சட்டி புரிஞ்சுது. தனக்குக் கிடைக்காததைப் பேத்திக்குக் கொடுக்கணும்னு உறை ஊத்தின தயிர் அது. நான் கையை வச்சு மறைச்சது வெறும் தயிரை இல்ல.

நான் உடனே, "அப்போ நீங்கதான் உண்மையான வீகன் ஆச்சி"ன்னு சொன்னேன். ஆச்சிக்குக் கோவம் வந்துருச்சு. "அது பவுசு இல்லட்டி. இல்லாமை. ரெண்டையும் ஒண்ணாக்காத." இதை நான் மறக்கவே இல்ல. பழைய சாப்பாட்டை எல்லாம் புகழ்ந்து பேசுற வீடியோ பார்க்கும்போது இந்தக் குரல்தான் காதுல கேக்கும்.

ஆனா ஆச்சி அதோட விடல. "பாலு இல்லாமயும் நாங்க ருசியாத்தான் சாப்பிட்டோம். என்ன செஞ்சோம்னு கேளு"ன்னாங்க. அன்னைக்கு ஒரு மணிநேரம் கேட்டேன். என் சமையல் அங்கதான் மாறிச்சு.

தட்டுல யாருக்கு என்ன வேலை?

ஆச்சி சொன்னதை நான் என் பாஷையில் சொல்றேன். பால் பொருள் ஒவ்வொண்ணும் தட்டுல ஒரு வேலை பார்க்குது. அந்த ஆளை அனுப்பிட்டா, அந்த வேலையை வேற யாராவது பார்க்கணும். நான் ஆளை அனுப்பினேன், வேலைக்கு யாரையும் போடல.

நெய்யோட வேலை என்ன? கொழுப்பு, மணம். அந்த வேலைக்கு நம்ம வீட்ல நல்லெண்ணெய் இருக்கு, தேங்காய் எண்ணெய் இருக்கு, கடலை எண்ணெய் இருக்கு. பருப்புச் சாதத்துல நெய்க்குப் பதிலா ஒரு ஸ்பூன் செக்கு நல்லெண்ணெய் ஊத்திப் பாருங்க. நெய் மணம் வராது, ஆனா வெறுமையா இருக்காது. வெண்பொங்கல்ல தேங்காய் எண்ணெயும் முந்திரியும் மிளகும் கொஞ்சம் தாராளமா போட்டா, சாப்பிடுறவங்க நெய்யைத் தேட மாட்டாங்க. "வீகன்னா எண்ணெயும் குறைக்கணும்"னு நானா ஒரு சட்டம் போட்டு வச்சிருந்தேன். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

பாலோட வேலை? குழம்பைக் கெட்டியாக்குறது, காரத்தை அடக்குறது. அந்த வேலைக்குத் தேங்காய்ப்பால், முந்திரி விழுது, கசகசா, வேர்க்கடலை விழுது.

முட்டை, கறி, மீனோட வேலை? புரதம், அப்புறம் மெல்லுறதுக்கு ஒரு பதம். இங்கதான் நாம ஏமாறுறோம். "தினமும் சாம்பார் சாப்பிடுறேனே, புரதம் வந்துடுமே"ன்னு நினைப்போம். ஒரு பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேணும்னு ஐசிஎம்ஆர் 2020-ல் சொல்லியிருக்கு. 55 கிலோ இருந்தா சுமார் 46 கிராம். நூறு கிராம் காய்ஞ்ச பருப்புல இருபதுல இருந்து 24 கிராம் வரைக்கும் புரதம் இருக்கு. ஆனா நம்ம வீட்டு சாம்பார்ல ஒரு ஆளுக்கு வர்ற பருப்பு இருபது கிராம் இருந்தா அதிகம். அதுல புரதம் நாலு அஞ்சு கிராம்தான். அரிசியில் கொஞ்சம் வரும், போதாது. அதனால பருப்பு தண்ணியா ஓடக்கூடாது. பயறா, உருண்டையா, சுண்டலா, துவையலா தட்டுல கண்ணுக்குத் தெரியணும்.

கடைசியா தயிர். தயிரோட வேலை புளிப்பு, குளிர்ச்சி. ஆனா நம்ம ஊர்ச் சாப்பாட்டுல அதுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. சாப்பாட்டை முடிச்சு வைக்கிறது. குழம்பு, ரசம், மோர், அப்புறம் எழுந்திருக்கலாம். சின்ன வயசுல இருந்து நம்ம உடம்பு அப்படியே பழகியிருக்கு. நான் ரசத்தோட எழுந்துட்டேன். என் நாக்கு அடுத்தது வரும் வரும்னு பத்தே முக்கால் வரைக்கும் காத்திருந்துச்சு.

மூணு குறிப்பு

சரி, பேனா எடுங்க.

முதல்ல உளுந்தஞ்சோறு. திருநெல்வேலிக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு கப் அரிசி, அரை கப் தொலி உளுந்து. அதாவது கறுப்புத் தோலோட இருக்கிற உடைச்ச உளுந்து. உளுந்தை வெறும் வாணலியில் வாசம் வர்ற வரைக்கும் வறுங்க. அரிசியும் உளுந்தும் கழுவிக் குக்கர்ல போட்டு, ஒரு ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், பத்துப் பல் பூண்டு, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு. தண்ணி நாலு கப். நாலு விசில். குழைவா இருக்கணும். இதுக்கு ஜோடி எள்ளுத் துவையல். கறுப்பு எள்ளை வெடிக்க வெடிக்க வறுத்து, வத்தல் மிளகாய், புளி, தேங்காய், உப்பு வச்சு அரைக்கணும். மேல நல்லெண்ணெய். ஒரே தட்டுல கொழுப்பு, புரதம், புளிப்பு மூணும் வந்துருச்சு. இதைச் சாப்பிட்ட ராத்திரி நான் எந்த பாக்கெட்டையும் பிரிச்சதில்ல.

ரெண்டாவது சொதி. எங்க ஊர்ல மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு, அதனால மாப்பிள்ளைச் சொதின்னே பேர். ஒரு தேங்காயைத் துருவி அரைச்சு மூணு பால் எடுத்துக்கோங்க. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பட்டாணியை மூணாம் பால்லயும் ரெண்டாம் பால்லயும் வேகவிடுங்க. வெந்த பாசிப்பருப்பு சேர்த்து, இஞ்சி பச்சைமிளகாய் அரைச்சு விடுங்க. எல்லாம் வெந்த பிறகு அடுப்பைக் குறைச்சு முதல் பால். கொதிக்க விடாதீங்க, திரிஞ்சுரும். நுரை கூடினதும் இறக்கி, ஆறினாப்புல எலுமிச்சைச்சாறு பிழியணும். அடுப்புல இருக்கும்போது எலுமிச்சை பிழிஞ்சா கசக்கும். தொட்டுக்க இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். பார்த்தீங்களா, சிப்ஸுக்கும் இடம் இருக்கு, சரியான நேரத்துல.

மூணாவது வேர்க்கடலைத் தயிர். ஒரு கப் பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறவச்சு, காலையில் தோலைத் தேய்ச்சு எடுத்துட்டு, மூணு கப் தண்ணி விட்டு மிக்ஸியில் நைசா அரைச்சுத் துணியில் வடிகட்டுங்க. அந்தப் பாலை அடிப்பிடிக்காம கிண்டிக்கிட்டே பத்து நிமிஷம் காய்ச்சுங்க. பொங்கி வழியும், பக்கத்துலயே நில்லுங்க. விரல் வச்சா சூடு தாங்குற பதத்துக்கு ஆறணும். உறைக்குத் தயிர் வேண்டாம். ஏழெட்டுப் பச்சைமிளகாய்க் காம்பை அப்படியே உள்ள போட்டு மூடி வைங்க. எட்டுல இருந்து பன்னிரண்டு மணிநேரத்துல உறையும். முதல் தடவை கொஞ்சம் தளர்வா, காம்பு வாசத்தோட இருக்கும். மனசு விடாதீங்க. அதுல ரெண்டு ஸ்பூன் எடுத்து அடுத்த தடவை உறை ஊத்தினா நல்லா வரும். கடுகு, இஞ்சி, பெருங்காயம் தாளிச்சுக் கொட்டிட்டா கடலை வாசம் அடங்கிரும். வடிகட்டின சக்கையைத் தூக்கிப் போடாதீங்க, அடை மாவுல சேருங்க.

இதெல்லாம் செய்ய நேரமில்லாத நாளுக்கு ஆச்சியோட நீச்சத்தண்ணி. மிச்சச் சாதம் நல்லா ஆறின பிறகு மூழ்குற மாதிரி தண்ணி ஊத்தி ராத்திரி மூடி வைங்க. காலையில் லேசாப் புளிச்சிருக்கும். தயிரைப் புளிக்க வைக்கிற அதே வகை லாக்டிக் அமில பாக்டீரியாதான் இங்கயும் வேலை பார்க்குது. கல்லுப்பு, சின்ன வெங்காயம், மாங்காய் ஊறுகாய். சென்னை வெயில்ல காலையிலேயே சாப்பிட்டு முடிச்சுருங்க, மத்தியானம் வரைக்கும் வெளிய வைக்காதீங்க.

அலுக்காம இருக்க ஒரு கணக்கு

தினமும் "என்ன சமைக்க"ன்னு யோசிக்கிறதுதான் சமைக்கிறதைவிடப் பெரிய வேலை. நான் ஒரு சின்னக் கணக்கு வச்சிருக்கேன். நேத்து வச்ச பருப்பு இன்னைக்கு வேண்டாம், நேத்து வச்ச புளிப்பும் இன்னைக்கு வேண்டாம். பருப்புல துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை, கொண்டைக்கடலை, உளுந்துன்னு ஏழு ஆள் இருக்காங்க. புளிப்புல புளி, எலுமிச்சை, தக்காளி, மாங்காய், நெல்லிக்காய். ரெண்டையும் மாத்தி மாத்திக் கோத்தாலே ஒரு மாசம் ஓடிரும்.

என் வாரம் இப்படித்தான் போகும். திங்கள் தட்டைப்பயறும் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, அப்பளம். செவ்வாய் சொதி. புதன் கொள்ளு வேகவச்ச தண்ணியில் ரசம், அந்தக் கொள்ளுல துவையல், ஒரே வேகவைப்புல ரெண்டு ஐட்டம். வியாழன் சப்பாத்தியும் மீல்மேக்கர் மிளகு வறுவலும். மீல்மேக்கரை உப்புப் போட்ட சுடுதண்ணியில் ஊறவச்சு, ரெண்டு கையாலயும் நல்லா பிழிஞ்சு, மசாலாவுக்கு முன்னால எண்ணெயில் சிவக்க வறுக்கணும். பிழியாம போட்டா பஞ்சு மாதிரி இருக்கும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. வெள்ளி பருப்பு உருண்டைக் குழம்பு. சனி உளுந்தஞ்சோறு. ஞாயிறு தேங்காய்ப்பால் ஊத்தின பலாக்காய் பிரியாணி, வேர்க்கடலைத் தயிர்ல வெங்காயப் பச்சடி.

ஞாயித்துக்கிழமை ஒரு மணிநேரம் ஒதுக்கினா வாரம் முழுக்கச் சுலபம். ஒரு பயறை முளைகட்டப் போடுங்க. ஒரு பொடி இடிச்சு வைங்க, எள்ளுப்பொடியோ பருப்புப்பொடியோ. தேங்காய் ஒண்ணைத் துருவி ஃப்ரீசர்ல வைங்க. அவ்வளவுதான்.

சத்து விஷயத்துல ரெண்டு குறிப்பு. கால்சியத்துக்குக் கேழ்வரகு. நூறு கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, அதனால வாரத்துல மூணு நாள் என் டிபன் கேழ்வரகு தோசையோ அடையோதான். இரும்புச்சத்துக்குக் கீரையும் பயறும். அதோட கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தா உடம்பு அதை நல்லா எடுத்துக்கும். சாப்பிட்ட உடனே டீ குடிச்சா குறைவாத்தான் எடுத்துக்கும், ஒரு மணிநேரம் பொறுங்க.

காபிக்கு என்ன பண்றதுன்னு கேக்காம விடமாட்டீங்க. சோயா பால்ல சூடான டிகாஷனை ஊத்தினா திரிஞ்சு போகலாம். பாலை முதல்ல வெதுவெதுப்பாக்கி, டிகாஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு மெதுவா கலந்தா பெரும்பாலும் திரியாது. ஆனா அம்மா போடுற ஃபில்டர் காபி மாதிரி வராது. நான் அந்தப் போட்டியை விட்டுட்டு, சாயங்காலத்துல கருப்பட்டி போட்ட சுக்குமல்லி காபிக்கு மாறிட்டேன்.

வெளிய வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பாக்கெட்ல இருக்கிற பச்சைப் புள்ளி சைவம்னுதான் சொல்லும், பால் இல்லைன்னு சொல்லாது. 2022-ல் வீகன் உணவுக்குன்னு தனி விதிமுறையும் பச்சை நிறத்துல தனி முத்திரையும் வந்துருச்சு. அது இல்லைன்னா பொருள் பட்டியலைப் படிங்க. பால் இருந்தா ஒவ்வாமைக் குறிப்புலயும் போட்டிருப்பாங்க. ஓட்டல்ல "நெய் போடாம ஒரு தோசை அண்ணே, எண்ணெய் மட்டும்"னு தெளிவா சொல்லுங்க. வீகன்னு சொன்னா பாதிப் பேருக்குப் புரியாது, இதைச் சொன்னா எல்லாருக்கும் புரியும்.

பார்சல்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ நானே வேர்க்கடலைத் தயிர் உறை ஊத்தினேன். ஆச்சியோட அதே சட்டியில். ஆச்சி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாங்க. "இது தயிர் இல்ல"ன்னாங்க. இன்னொரு வாய் சாப்பிட்டாங்க. "ஆனா கெட்டுப் போகல"ன்னாங்க. எங்க ஆச்சிகிட்ட இது பெரிய சர்டிபிகேட்.

அன்னைக்குப் பேச்சுவாக்குல ஒண்ணு தெரிஞ்சுது. நான் ஒரு வருஷமா ஆசையா வத்தக்குழம்புக்குப் போட்டுக்கிட்டிருந்த சுண்டைக்காய் வத்தல், வீட்ல இருந்து கொண்டு வந்ததுதான், அது மோர்ல ஊறவச்சுக் காயப்போட்டது. மோர் மிளகாய்ல மோர் இருக்குன்னு பேர்லயே இருக்கு, சுண்டைக்காயில எனக்குத் தோணவே இல்ல. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆச்சி மட்டும் சிரிக்கல.

ரெண்டு மாசம் கழிச்சு பெருங்குடிக்கு ஒரு பார்சல் வந்துச்சு. உள்ள ரெண்டு டப்பா. ஒண்ணு சுண்டைக்காய், ஒண்ணு மிளகாய். மூடி மேல அம்மா கையெழுத்துல, "உப்புத் தண்ணி மட்டும். ஆச்சி போட்டது. மோர் இல்ல." பங்குனி வெயில்ல மொட்டைமாடியில் உக்காந்து தனியா காயப்போட்டிருக்காங்க. மத்த எல்லாருக்கும் வழக்கம்போல மோர்ல, எனக்கு மட்டும் உப்புத் தண்ணியில்.

அன்னைக்கு ராத்திரி நீச்சத்தண்ணி ஊத்தின சோறும் அந்த மிளகாயும்தான் சாப்பிட்டேன். கை கழுவினேன். பத்தே முக்காலுக்குத் தூங்கிட்டேன்.

நீங்களும் இந்த வாரம் ஒரே ஒரு சாப்பாட்டுல முயற்சி பண்ணுங்க. எதை எடுக்குறீங்களோ, அது என்ன வேலை பார்த்துச்சுன்னு முதல்ல கேளுங்க. அந்த வேலைக்கு ஒரு ஆளைப் போடுங்க. அப்புறம் உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது ஒரு போன் பண்ணி, பால் இல்லாத நாள்ல என்ன சமைச்சாங்கன்னு கேளுங்க. கிடைக்கிற குறிப்பை எனக்கு அனுப்புங்க, நல்லதா நாலைஞ்சை அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.

அதுவரைக்கும் நல்லா சாப்பிடுங்க, மக்களே. சாப்பிட்டு முடிங்க.